அம்மா, கொஞ்சம் வெளியில இருங்கோ

"என்ன பிள்ளைக்குச் செய்யுது?"

கேட்கிறவர் டொக்டர். பதில் சொல்லுறவர் அம்மா. பிள்ளைக்கு இருபத்திரண்டு வயது. கம்பஸில மூன்றாம் வருசம். இரண்டு தேர்தலில வாக்குப் போட்டிருக்கிறாள், ஸ்கூட்டி லைசன்ஸ் இருக்கு, தங்கச்சிக்குக் கணக்குப் படிப்பிக்கிறாள். வயிற்று நோவு அவளுடையது. ஆனால் எப்ப தொடங்கினது, எந்தப் பக்கம், என்ன சாப்பிட்டது, "மற்றது ஒழுங்கா வருதோ" என்பது வரைக்கும் எல்லாத்துக்கும் அம்மாதான் பதில் சொல்லுறா. பிள்ளையிடம் டொக்டர் நேரடியாகச் சொன்னது இரண்டே வசனம். "நாக்கை நீட்டுங்கோ." "மூச்சை இழுங்கோ."

இதை எழுதமுதல் நாங்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் பன்னிரண்டு பேர் இருந்து கதைத்தோம். யாழ்ப்பாணம், வவுனியா, மட்டக்களப்பு என்று வேறு வேறு ஊர்க்காரர். எல்லாருக்கும் ஒரு குடும்ப டொக்டர் இருக்கிறார். சின்னனில இருந்து காட்டுறவர், அம்மம்மாவின் பிரஷரும் அப்பாவின் சீனி வருத்தமும் தெரிந்தவர், கையெழுத்தை அந்த மருந்து கட்டுற அக்கா மட்டுமே வாசிக்கக்கூடியவர். எல்லாரிடமும் ஒரு கேள்வியைக் கேட்டோம்: "அம்மா, கொஞ்சம் வெளியில இருங்கோ, நான் பிள்ளையோட தனியக் கதைக்கவேணும்" என்று உங்கட டொக்டர் எப்பவாவது சொன்னவரோ?

ஒருத்தருக்கும் சொல்லவில்லை. பன்னிரண்டு பேரில ஒருத்தருக்குக்கூட இல்லை. இதொன்றும் ஆய்வில்லை, பன்னிரண்டு பேர் ஒரு நாட்டுக்குச் சமன் இல்லை என்று எங்களுக்கும் தெரியும். வாசிக்கிற நீங்கள் உங்களையே ஒருக்காக் கேட்டுப் பாருங்கோ.

முதலில அந்த அறையைச் சொல்லவேணும், ஏனென்றால் பாதிப் பிரச்சினை அங்கேயே இருக்கு. பின்னேரம் ஐந்தரைக்கு நம்பர் எடுக்கிறோம். வெளியில இரண்டு நீள வாங்கு. வாங்கில இருக்கிற சனத்தில பாதிப்பேர் எங்கட தெரு, மற்றப் பாதி எங்கட கோயில் இல்லாட்டி ரியூசன். "என்ன பிள்ளை, தனியவே வந்தனீங்கள்? அம்மாவுக்கு என்ன?" என்பது முதல் பரிசோதனை, அது டொக்டரைக் காணமுதலே முடிந்துவிடும். உள்ளே போனால் கதவு இல்லை. ஒரு திரைச்சீலை. சில இடத்தில அதுவும் பாதிதான் மூடும். நீங்கள் ஸ்டூலில இருந்து கதைக்கத் தொடங்க, அடுத்த நம்பர்காரர் உள்ளுக்கே வந்து பக்கத்து வாங்கில இருந்திடுவார். நேரம் மிச்சமாகுதாம். உங்கட மூலவருத்தத்தை அவர் கேட்பார், அவற்ற மனிசியின் வெள்ளைபடுதலைப் பின்னால வாறவர் கேட்பார். இப்படிச் சங்கிலி போல ஊர் முழுக்க ஒருத்தர் வருத்தம் மற்றவருக்குத் தெரிந்திருக்கிறது.

பிறகு மருந்து. சின்ன வெள்ளைக் கடதாசி உறைக்குள்ள நாலு விதமான குளிசை. உறையில ஒரு கோடு, இரண்டு கோடு, "சாப்பாட்டுக்குப் பிறகு". குளிசையின் பெயர் இல்லை. வருத்தத்தின் பெயரும் இல்லை. "இது என்ன குளிசை டொக்டர்?" என்று கேட்ட எங்களில ஒருத்தனுக்குக் கிடைத்த பதில்: "ஏன் தம்பி, நீர் மெடிசினுக்குப் போகப் போறீரோ?" அறைக்குள்ள இருந்த எல்லாரும் சிரித்தார்களாம். அவனும் சிரித்தானாம். வேறென்ன செய்யிறது? ஆனால் பெயர் தெரியாமல் விழுங்கின ஏதோ ஒரு குளிசை அவனுக்கு ஒத்துவராமல் உடம்பெல்லாம் தடித்து, இரவு பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது, அங்க இருந்தவை கேட்ட முதல் கேள்வி, "என்ன மருந்து எடுத்தனீங்கள்?" அவன் காட்டினது ஒரு வெள்ளை உறையும் மூன்று கோடும்.

இது இளம் ஆக்களுக்கு மட்டும் நடக்கிறதில்லை, எல்லாருக்கும் நடக்கிறதுதானே என்று நீங்கள் கேட்கலாம். சரி. எங்களுக்கு மட்டும் நடக்கிறதுக்கு வருவோம்.

எங்கட வருத்தங்களுக்கு ஏற்கெனவே பதில் எழுதப்பட்டு இருக்கிறது. பெட்டையளுக்கு ஒன்று, பெடியளுக்கு ஒன்று. பெடியனுக்குத் தலையிடி என்றால் போன். கண் நோவு என்றால் போன். நித்திரை இல்லை என்றாலும் போன். பெட்டைக்குத் தலையிடி என்றால் சாப்பிடுறதில்லை. மாதம் தவறினால் சோதனைப் பயம். அதுக்கு மேல ஏதென்றாலும், "கலியாணம் கட்டினாச் சரியாகும்."

இந்தக் கடைசி மருந்தை எங்களில மூன்று பேருக்கு எழுதிக் கொடுத்திருக்கினம். மூன்று பேருக்கும் இருந்தது பிசிஓஎஸ். பிள்ளை பெறக்கூடிய வயதில இருக்கிற பெண்களில 13 வீதம் வரையானோருக்கு அது இருக்கலாம் என்றும், அவர்களில 70 வீதம் வரையானோருக்குத் தங்களுக்கு அது இருக்கிறது என்றே தெரியாது என்றும் உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. மாதவிடாய் ஒழுங்கில்லாமல் போறது, முகத்தில முடி, பரு, நிறை கூடுறது என்று அறிகுறிகள் கண்ணுக்கு முன்னால தெரியக்கூடியவை. பிற்காலத்தில சீனி வருத்தம் வரக்கூடிய ஆபத்தும் அதோட சேர்ந்து இருக்கு. அதாவது அப்பாவின் சீனிக்கு இருபது வருசமாக மருந்து தாற அதே டொக்டர், மகளுக்குச் சீனி வரக்கூடிய அடையாளத்தைக் கண்டும், மாப்பிள்ளை பார்க்கச் சொல்லி அனுப்பியிருக்கிறார். மூன்று பேரில ஒருத்திக்குப் பதினாறு வயதில அறிகுறி தொடங்கியது. பெயர் தெரிய வந்தது இருபத்திமூன்றில. ஏழு வருசம். அந்த ஏழு வருசத்தில மூன்று தரம் ஸ்கான் எடுக்கச் சொல்லி அவள் வாயெடுத்துக் கேட்டிருக்கிறாள். "இந்த வயசில உதெல்லாம் தேவையில்லை, சனம் பார்த்தா வேற மாதிரி நினைக்கும்" என்பது பதில். ஸ்கான் அறைக்கு முன்னால ஒரு கட்டாத பெட்டை நின்றால் ஊர் என்ன நினைக்கும் என்ற கவலை டொக்டருக்கு! அவர் அந்த இடத்தில டொக்டரா, பெரியப்பாவா?

அதுதான் எங்கட கேள்வி. குடும்ப வைத்தியர் என்ற சொல்லில இரண்டு சொல் இருக்கு. எங்கட ஊர்களில முதல் சொல் இரண்டாவதை விழுங்கிவிட்டது. அவர் எங்களுக்கு வைத்தியர் இல்லை, எங்கட குடும்பத்துக்கு வைத்தியர். குடும்பத்துக்கு எது தெரியலாமோ அதைத்தான் அவருக்கு நாங்கள் சொல்லலாம். குடும்பத்துக்கு எது பிரச்சினையோ அதைத்தான் அவர் வருத்தம் என்று பார்ப்பார்.

ஒரு உதாரணம் சொல்லுறோம். எங்களில ஒருத்திக்குச் சலம் போகேக்க எரிவு. சரியான நோவு. பெண்களுக்கு மிகச் சாதாரணமாக வாற தொற்று. அதுவும் எங்கட பெட்டையளுக்குக் கேட்கவேண்டாம். காலமை வெளிக்கிட்டால் பின்னேரம் வீடு வரும்வரைக்கும் போகக்கூடிய ஒரு கழிப்பறை இல்லை என்று பள்ளிக்கூடக் காலத்திலேயே தண்ணி குடிக்காமல் பழகினவை. ரியூசன் நடத்துறவை நூறு பேருக்குக் கொட்டில் போடுவினம், ஒரு கழிப்பறை கட்டமாட்டினம். (அதைப் பற்றி வேறொரு நாள் எழுதவேணும்.) சரி, டொக்டர் கேட்கவேண்டிய கேள்விகளில உடலுறவு பற்றின கேள்வியும் ஒன்றுதான். அதை நாங்கள் மறுக்கவில்லை. கேட்கத்தான் வேணும். ஆனால் அவர் கேட்டது எப்படி? அம்மா பக்கத்தில இருக்க, அடுத்த நம்பர்காரர் வாங்கில இருக்க, குரலும் குறையாமல்: "ஆரோடயும் பழக்கமோ?"

அவள் இல்லை என்றாள். இல்லை என்பதைத் தவிர அந்த அறையில வேறு பதில் இருந்ததா? உண்மையான பதில் ஓம் என்றால் பரிசோதனையும் மாறும், மருந்தும் மாறலாம். அந்த உண்மை அறைக்குள்ள வர ஏலாதபடி அறையைக் கட்டி வைத்துவிட்டு, பிறகு "இந்தக் காலத்துப் பிள்ளையள் ஒன்றும் மனம்விட்டுக் கதைக்கிறதில்லை" என்று மேடையில பேசுகினம்.

மனம்விட்டுக் கதைத்தவளுக்கு என்ன நடந்தது என்றும் சொல்லுறோம். இன்னொருத்தி, தனிய, அம்மாவுக்குத் தெரியாமல் போய், கர்ப்பத்தடை பற்றிக் கேட்டாள். வயது இருபது. கேட்டது மட்டும்தான். டொக்டர் அமைதியாகக் கேட்டார், ஒன்றும் தரவில்லை, காசும் எடுக்கவில்லை. "வீட்ட போங்கோ பிள்ளை" என்றார். அவள் சைக்கிளில வீட்டுக்கு வர இருபது நிமிசம். படலையைத் திறக்க அப்பா முத்தத்தில நின்றார். போன் வந்திட்டுது. அதுக்குப் பிறகு நடந்ததை அவள் எழுதவேண்டாம் என்று சொன்னதால எழுதவில்லை. ஆனால் அந்த டொக்டர் தான் ஒரு நல்ல காரியம் செய்ததாக இன்றைக்கும் நம்பிக்கொண்டிருக்கிறார். அவளை வழியில கண்டால் தலையை ஆட்டிச் சிரிக்கிறாராம்.

மருத்துவர்கள் உறுதியெடுக்கிற ஜெனீவாப் பிரகடனம் 1948 இல வந்தது. நோயாளி நம்பிச் சொன்ன ரகசியத்தை, அந்த நோயாளி இறந்தபிறகும் காக்கவேண்டும் என்று அதில இருக்கிறது. இலங்கை மருத்துவச் சபையின் ஒழுக்க நெறிகளிலும் இரகசியம் பேணுவது அடிப்படைக் கடமை. செத்தபிறகும் காக்கவேண்டிய ரகசியம், உயிரோட இருக்கிற இருபது வயதுக்காரிக்கு இருபது நிமிசம் தாங்கவில்லை. பதினெட்டு வயதோட இந்த நாட்டின் சட்டத்தில நாங்கள் முழு ஆட்கள். கடன் எடுத்தால் எங்கட கையெழுத்து, களவெடுத்தால் எங்களுக்குத்தான் மறியல். உடம்பு மட்டும் அப்பாவின் பெயரில பதிவாகி இருக்கோ?

பதிவு என்றதும் இன்னொன்று ஞாபகம் வருது. எங்கட கிராமங்களில குடும்பநல உத்தியோகத்தர், நாங்கள் மிட்வைஃப் மிஸ் என்று சொல்லுறவர், ஒரு பதிவேடு வைத்திருப்பார். அதின் பெயர் தகுதியுள்ள குடும்பங்களின் பதிவேடு. கலியாணம் கட்டினவை, சேர்ந்து வாழுறவை, கர்ப்பிணிகள், சின்னப்பிள்ளை வைத்திருக்கிற தாய்மார் அதில வருவினம். மிஸ் வீடு தேடி வந்து கதைப்பார், கர்ப்பத்தடை முறைகளை விளங்கப்படுத்துவார். உண்மையிலேயே அருமையான சேவை. 1926 இல களுத்துறையில முதல் சுகாதாரப் பிரிவு தொடங்கின நாளில இருந்து கட்டி எழுப்பின இந்த அமைப்பாலதான் இந்த நாட்டில தாய்மார் சாவு இவ்வளவு குறைந்தது. நாங்கள் பிறந்ததும் உயிரோட இருக்கிறதும் அதாலதான். ஆனால் கட்டாத, பிள்ளை இல்லாத, வீட்டில இருக்கிற இருபத்திரண்டு வயதுக்காரி அந்தக் கொப்பியில எந்தப் பக்கத்திலும் இல்லை. வயிற்றில பிள்ளை வந்தால் பதிவில வருவாள். அதுக்கு முதல் அவளுக்குத் தகுதி இல்லை. கருக்கலைப்போ, தாயின் உயிரைக் காப்பாற்ற மட்டும் என்று 1883 ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவை சொன்னபடியே இன்றைக்கும் நிற்கிறது. தடுக்கிறதுக்கான வழியைக் கேட்டால் அப்பாவுக்குப் போன், வந்தபிறகு சட்டம். இரண்டுக்கும் நடுவில எங்களை நிற்கச் சொல்லியிருக்கினம்.

பெடியளின் கதை வேறு மாதிரி. அவர்கள் போறதே இல்லை. காய்ச்சல் மூன்றாம் நாள் தாண்டி, டெங்கு என்று அம்மா அழத் தொடங்கினால்தான் போவினம். எங்களில ஒருத்தன் ஏ/எல் இரண்டாம் தரம் எடுக்கிற வருசம் மூன்று மாதமாக நித்திரை இல்லாமல் இருந்தான். சாப்பாடு இறங்கவில்லை, காலமை எழும்பவே விருப்பமில்லை. அப்பா கூட்டிக்கொண்டு போனார். டொக்டர் நாடி பார்த்தார், பிரஷர் பார்த்தார், எல்லாம் சரி. விற்றமின் தந்தார். "ஆம்பிளைப் பிள்ளை, உதுக்கெல்லாம் யோசிக்கிறதே? அப்பா எவ்வளவு கஷ்டப்பட்டு இடம்பெயர்ந்து உங்களை வளர்த்தவர் தெரியுமோ?" அப்பாவும் தலையாட்டினார். எங்கட ஊர்களில யுத்தம் ஒரு அளவுகோல். ஷெல்லுக்குள்ள படிச்சவை இருக்கினம், பங்கருக்குள்ள பிள்ளை பெற்றவை இருக்கினம். அந்தக் கோலால அளந்தால் எங்கட எந்த நோவும் ஒரு சாண் வராது. அவன் செத்துப்போறதைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தான் என்பதைப் பிறகு எங்களுக்குச் சொன்னான். டொக்டருக்குச் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று கேட்டோம். "அப்பா பக்கத்தில இருந்தவர். அதோட அது பொலிஸ் கேஸ் இல்லையோ?"

இல்லை. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கின சட்டப்பிரிவு 1998 இலேயே நீக்கப்பட்டுவிட்டது. அவன் பிறக்க முதல். தொண்ணூறுகளின் நடுப்பகுதியில உலகத்திலேயே ஆகக்கூடிய தற்கொலை வீதம் இருந்த நாடுகளில ஒன்று எங்கட நாடு. ஆபத்தான பூச்சிகொல்லிகளைத் தடை செய்ததால அந்த வீதம் பெருமளவில இறங்கியது. அதுவும் உண்மை. ஆனால் ஒரு பெடியன் "எனக்கு ஏலாமல் இருக்கு" என்று சொல்லக்கூடிய ஒரு கதிரையை அந்தத் தடை தரவில்லை. அது பின்னேர டிஸ்பென்சரியில இருந்திருக்கவேண்டியது. இப்ப வாசிக்கிறவர்களில ஆருக்காவது அப்படி இருந்தால்: தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு எடுங்கோ. காசு இல்லை. நாங்கள் சொல்லி அவன் எடுத்தான். இப்ப கிளினிக்குக்குப் போறான், விற்றமின் இல்லாமல்.

இன்னொருவர் இருக்கிறார். அவரைப் பற்றிக் கூட எழுதினால் ஊரில ஆர் என்று பிடித்துவிடுவினம். தன்பாலின உறவைக் குற்றமாக்குகிற 365, 365அ பிரிவுகள் இன்னும் இருக்கிற நாட்டில, அப்பாவோட ஒன்றாய்ப் படித்த டொக்டரிடம் அவர் எதைச் சொல்லுறது? அவர் காய்ச்சலுக்கு மட்டும் போவார். மற்ற எல்லாத்துக்கும் கொழும்பு.

நாங்கள் எல்லாரும் எங்கே போறோம் என்பதை நீங்கள் தெரிந்திருக்கவேணும். பாமசிக்காரரிடம் போறோம். அதுவும் எங்கட ஊர்ப் பாமசிக்கு இல்லை, இரண்டு பஸ் மாறி வேறு ஊருக்கு. யூடியூப்பில தமிழ்நாட்டு டொக்டர்மாரின் வீடியோ பார்க்கிறோம். நேர்ஸாக இருக்கிற ஆரோ ஒருத்தியின் அக்காவுக்கு வாட்ஸப்பில போட்டோ அனுப்புறோம். கொழும்பில விடுதியில இருக்கிற ஒருத்தி சொன்னாள்: அங்கே தெருமுனையில இருக்கிற சிங்கள டொக்டரிடம் "பட ரிதெனவா" என்பதுக்கு மேல அவளுக்குச் சொல்லத் தெரியாது. மிச்சம் கை பாஷை, போன் பாஷை. ஆனால் அந்த அறையில கதவு இருந்தது, அவருக்கு அவளின் அப்பாவைத் தெரியாது. வாழ்க்கையில முதன்முதலாக ஒரு டொக்டருக்கு உண்மை சொன்னதாக அவள் சொன்னாள். தாய்மொழியில சொல்ல முடியாததை அரைகுறைச் சிங்களத்தில சொல்லியிருக்கிறாள். அந்த வசனத்தைக் கேட்டு நாங்கள் கொஞ்ச நேரம் ஒருத்தரும் கதைக்கவில்லை.

இனி, எங்களுக்கு ஏச வாறவைக்கு.

டொக்டர்மாருக்கு நேரம் இல்லை என்று சொல்லுவினம். உண்மை. பலர் பகலெல்லாம் அரசாங்க ஆஸ்பத்திரியில வேலை செய்துவிட்டு, பின்னேரம் நாலு மணிக்குப் பிறகுதான் இங்கே வருகினம். 2022 நெருக்கடிக்குப் பிறகு எத்தனை பேர் நாட்டை விட்டுப் போனவை, மிஞ்சினவையின் தலையில எவ்வளவு பாரம் என்று எங்களுக்கும் தெரியும். ஆனால் அம்மாவை வெளியில இருத்த எவ்வளவு நேரம் வேணும்? போனில அப்பாவோட கதைத்த நேரத்தைவிடக் குறைவு. கதவு போட ஒரு தச்சனுக்கு ஒரு நாள். குளிசையின் பெயரை உறையில எழுத அரை நிமிசம்; ஒரு ரப்பர் முத்திரை செய்தால் அதுவும் வேண்டாம்.

அந்த மனிசன் யுத்தத்துக்குள்ள ஊரை விட்டுப் போகாமல் நின்று குப்பி விளக்கில வைத்தியம் பார்த்தவர், அவரைக் குறை சொல்ல உங்களுக்கு என்ன தகுதி என்று கேட்பினம். இந்தக் கேள்விக்குத்தான் எங்களுக்குப் பதில் சொல்லக் கஷ்டம். ஏனென்றால் அது உண்மை. எங்கட அம்மாமார் அவரைக் கும்பிடுறதுக்குக் காரணம் இருக்கு. மருந்து தடைப்பட்ட காலத்தில, கரண்ட் இல்லாத காலத்தில, கிளாலியால போகாமல் நின்றவை அவர்கள். காசில்லாதவையிடம் காசு வாங்காதவை. அந்தக் கடனை நாங்கள் மறக்கச் சொல்லவில்லை. ஆனால் அந்த நன்றியை எங்கட வாயை மூடுகிற துணியாகப் பாவிக்கவேண்டாம். அன்றைக்கு அவர் ஒரு ஊரைக் காப்பாற்றினார். இன்றைக்கு அவர் முன்னால இருக்கிறது ஊர் இல்லை, ஒரு ஆள்.

காசு கொடுக்கிறது அப்பாதானே என்பது அடுத்தது. இது ஒரு விதத்தில சரியான வாதம், அதனாலதான் அரசாங்கத்தைப் பற்றியும் கதைக்கவேணும். இலவச வைத்தியம் என்று நாங்கள் பெருமைப்படுகிற நாட்டில வெளிநோயாளர் சிகிச்சையில கிட்டத்தட்டப் பாதி தனியாரிடம் நடக்கிறது. பின்னேரம் ஆறு மணிக்குத் திறந்திருக்கிறது அதுதான். ஓபிடிக்குப் போனால் காலமை முழுக்கப் போகும், விரிவுரை போகும், வேலைக்குப் போறவைக்கு ஒரு நாள் சம்பளம் போகும். சொந்தக் காசில்லாதவனுக்குச் சொந்த ரகசியமும் இல்லை. இளைஞருக்கென்று "யொவுன் பியச" என்ற பெயரில அரசாங்கம் நிலையங்கள் தொடங்கியிருக்கிறது. நல்ல விசயம். எங்கட பன்னிரண்டு பேரில இரண்டு பேருக்குத்தான் அப்படியொன்று இருக்கிறதே தெரியும். அதில ஒருத்தி மெடிக்கல் பகல்ட்டி. பெயரையாவது தமிழில வைத்திருந்தால் மூன்றாவது ஆளுக்கும் விளங்கியிருக்கும்.

யாழ்ப்பாண மருத்துவ பீடத்தில சமுதாய குடும்ப மருத்துவத் துறை என்றே ஒரு துறை இருக்கு. அங்க படிச்சவை எங்கட வயதுக்காரர், எங்கட நண்பர்கள். அவர்களிடமும் கேட்டோம். இரகசியம் பேணுறதைப் பற்றி விரிவுரை இருக்காம், பரீட்சையில கேள்வியும் வருமாம். "அங்க எழுதுறதை வெளியில வந்து எப்படிச் செய்யிறது? அம்மாவை வெளியில போகச் சொன்னால் அடுத்தநாள் அந்தக் குடும்பமே வேற டொக்டரிட்டப் போயிடும்" என்றான் ஒருத்தன். நாங்கள் கோபப்பட்டோம். ஆனால் அவன் பொய் சொல்லவில்லை. அதனால இந்தக் கட்டுரை டொக்டர்மாருக்கு மட்டும் இல்லை. அம்மாமாருக்கும் அப்பாமாருக்கும்தான்.

அம்மாமார் என்றதும் இதையும் சொல்லவேணும். அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு எங்களில ஒருத்தி துணிந்து, காய்ச்சலுக்குப் போன இடத்தில, தானே சொன்னாள்: "அம்மா, நீங்கள் கொஞ்சம் வெளியில இருங்கோ." டொக்டர் எழுதுறதை நிறுத்தி நிமிர்ந்து பார்த்தாராம். அம்மா எழும்பவில்லை. இரண்டாம் தரம் சொல்ல எழும்பிப் போனா. அறையில நாலு நிமிசம். பெரிசாய் ஒன்றும் இல்லை, மாதவிடாய் நோவு பற்றி ஒழுங்காய் ஒரு கேள்வி கேட்டாள், அவரும் ஒழுங்காய்ப் பதில் சொன்னார், பெரியாஸ்பத்திரிக் கிளினிக்குக்குத் துண்டும் எழுதித் தந்தார். ஆட்டோவில திரும்பி வரேக்க அம்மா ஒரு சொல் கதைக்கவில்லை. கோபம் என்றுதான் இவள் நினைத்தாள். சந்தி தாண்டினபிறகு அம்மா கேட்டா, "அப்பாவை அப்படி வெளியில விட ஏலுமே?"

அம்மாவுக்கு ஐம்பத்தொரு வயது. இரண்டு வருசமாக ஏதோ இருக்கு. ஒவ்வொரு தரமும் அப்பா கூட வாறார், அப்பாதான் "இவவுக்கு நாரி நோ" என்று சொல்லுறார்.

டொக்டர், அடுத்த கிழமை அவை இரண்டு பேரும் உங்களிட்டத்தான் வருகினம், மகளும் தாயும். பின்னேரம் நம்பர் எடுப்பினம். அப்பாவும் ஒருவேளை வருவார். நீங்கள் முதல் வசனத்தைச் சொன்னால் அவை சொல்லத் தேவையில்லை.